செய்தி வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால்

கவிதைத் தொகுதிக்கும் சிறுகதைத் தொகுதிக்கும் விமர்சனம் வெளிவரும் இந்தப் பக்கங்களில், தொலைக்காட்சிச் செய்தி அரங்கொன்றின் பின்சுவரைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். இதுவும் விமர்சனத்துக்குரிய விடயம்தானா என்று வாசக நண்பர்கள் கேட்கலாம். வருடத்துக்கு ஒரு புத்தகத்தைத்தானும் விலை கொடுத்து வாங்காத வீடுகள் நமது ஊர்களில் நிறைய உண்டு. ஆனால் இரவுச் செய்தி ஒலிக்காத வீடு அரிது. செய்தியை வாசிப்பவரின் முகத்தை ஒரு பங்கு பார்க்கிறோமென்றால் அவருக்குப் பின்னாலுள்ள சுவரை மூன்று பங்கு பார்க்கிறோம். பார்க்கிறோம் என்று தெரியாமலே பார்க்கிறோம். அப்படி வாசிக்கப்படுகின்ற பிரதிக்குத்தான் விமர்சனம் அதிகம் தேவைப்படுகிறது என்பது என் எண்ணம்.

இதை எழுதத் தூண்டியது நான் படித்த எந்தக் கோட்பாட்டு நூலும் அல்ல. எங்கள் பாடசாலை மாணவி ஒருத்தியின் கேள்வி.

1

கிழக்குக் கரையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற ஊர் எங்களுடையது. அங்குள்ள பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறேன். 2024இல் அதிபர் ஊடகக் கழகத்தையும் என் தலையில் வைத்தார். "தமிழ் சேர்தானே, செய்தி வாசிக்கப் பழக்குங்க" என்பது அவரது நியாயம். பரிசளிப்பு விழாவில் மல்டிமீடியாவில் காட்டுவதற்குப் பத்து நிமிடச் செய்தி அறிக்கையொன்றைத் தயாரிப்பது என்று தீர்மானமாயிற்று.

ஒரு கைத்தொலைபேசி, கலியாண வீடுகளுக்குப் படம் பிடிக்கும் பழைய மாணவர் ஒருவர் இரவல் தந்த முக்காலியும் இரண்டு விளக்குகளும், புடைவைக் கடையில் வாங்கிய ஆறு யார் பச்சைத் துணி. இவ்வளவும்தான் எங்கள் ஸ்டூடியோ. பச்சைத் துணியைக் கணினியில் நீக்கிவிட்டு அந்த இடத்தில் விரும்பிய படத்தை வைக்கலாம் என்பது எனக்குத் தெரியாது, பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் வைத்த படம் இரவுக் கொழும்பு. உயரமான கட்டடங்கள், நடுவே ஒளிரும் தாமரைக் கோபுரம், கீழே நீரில் அதன் நிழல். எங்கள் மாணவிகளுள் ஒருத்தி அந்தக் கோபுரத்தின் முன்னால் நின்று, வெள்ளைச் சீருடையும் வெள்ளைப் பர்தாவுமாக, ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பெறுபேற்றை வாசித்தாள். உச்சரிப்பு நன்றாகவே இருந்தது. லகர, ளகர, ழகரம் மூன்றும் பிசகவில்லை.

பதிவைப் போட்டுப் பார்த்தபோது பையன்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். எங்கள் பாடசாலைச் சின்னம் பச்சை நூலில் தைக்கப்பட்டது. கணினி துணியின் பச்சையையும் சின்னத்தின் பச்சையையும் பிரித்தறியவில்லை. இரண்டையும் நீக்கிவிட்டது. மாணவியின் நெஞ்சில் சின்னம் இருந்த இடத்தில் ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ளால் கொழும்பின் விளக்குகள் மின்னின. பாடசாலையின் பெயரும் அதனோடு போயிற்று.

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் படம் என்னை உறுத்தத் தொடங்கியது.

அடுத்த நாள் ஓர் யோசனை சொன்னேன். "கொழும்பு எதற்கு? நமது வாவியைப் பின்னால் வைப்போம். தோணி, கண்டல் மரம், அதிகாலை வெளிச்சம். எவ்வளவு அழகு!" எல்லோரும் தலையாட்டினார்கள், ஆசிரியர் சொன்னால் தலையாட்டுவது வழக்கம் என்பதால். செய்தி வாசித்த மாணவி மட்டும் சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டாள்:

"சேர், நம்மட ஊரப் பின்னுக்குப் போட்டா, பாக்கிற ஆக்கள் ஊருக்குள்ள என்ன நடந்திட்டு எண்டுதானே கேப்பாங்க?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. எனக்கும் உடனே பதில் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடிய முயற்சி.

2

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் நான் பயிற்சி பெற்ற காலத்தில், நாடகமும் அரங்கியலும் கற்பித்த விரிவுரையாளர் ஒருவர் ஊர் நாடகங்களின் 'சீன்'களைப் பற்றி அடிக்கடி சொல்வார். ஒரு காலத்தில் கிராமத்து மேடைக்குத் துணியில் தீட்டிய சீன்களை வாடகைக்கு எடுப்பார்கள். அரண்மனை, காடு, தெரு, குடிசை என்று நாலைந்துதான் இருக்கும். எந்த நாடகமானாலும் இந்த நாலைந்துக்குள் அடங்க வேண்டும். அவர் சொல்வார்: அரண்மனைச் சீன் இறங்கிவிட்டால், நடிகன் வாய் திறக்குமுன்னரே அவன் அரசனாகிவிடுகிறான். வசனம் பிந்தி வருகிறது, அதிகாரம் முந்தி வந்துவிடுகிறது.

செய்தி அரங்கின் பின்சுவரும் இதே வேலையைத்தான் செய்கிறது. வாசிப்பவர் முதற்சொல்லை உச்சரிக்கு முன்னரே, இவர் எங்கிருந்து பேசுகிறார், யாருக்காகப் பேசுகிறார், இவரை நம்பலாமா என்ற மூன்று கேள்விகளுக்கும் அது விடை சொல்லிவிடுகிறது. நாடகத்துக்கும் செய்திக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாடகம் பார்க்கிறவனுக்கு அரண்மனை துணி என்பது தெரியும். செய்தி பார்க்கிறவனுக்கு அது துணி என்ற நினைவே வருவதில்லை.

எங்கள் நாட்டில் தொலைக்காட்சி 1979இல் சுயாதீன தொலைக்காட்சியோடு தொடங்கியது. 1982இல் ரூபவாஹினி வந்தது. தமிழுக்கென்றே சக்தி 1998இலும் வசந்தம் 2009இலும் வந்தன. எண்பதுகளின் பிற்பகுதியில், கார் பற்றரியில் ஓடிய அயல்வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில், முற்றம் நிறைந்த கூட்டத்தோடு நான் செய்தி பார்த்திருக்கிறேன். அப்போது வாசிப்பவரின் பின்னால் இருந்ததாக என் நினைவில் நிற்பது ஒரு வெறும் பலகை மட்டுமே. அதில் படம் இல்லை, நகரம் இல்லை. வாசிப்பவர் கையிலிருந்த தாளைக் குனிந்து பார்ப்பார், நிமிர்ந்து எங்களைப் பார்ப்பார். அவர் எங்கே இருக்கிறார் என்று நாங்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

வறுமையால் வந்த வெறுமையை நான் புகழ வரவில்லை. அந்தப் பலகை அரச குரலின் பலகை. தனக்கு முகவரியே தேவையில்லை என்று நினைக்கின்ற அதிகாரம்தான் வெறும் சுவரின் முன்னால் அமர்ந்து பேசும். ஆனாலும், அது இன்னோர் இடத்தை எங்களுக்கு மேலே உயர்த்திக் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

3

பின்னர் பலகை நீலமாயிற்று. உலகின் பல செய்தி அரங்குகள் ஏன் நீலமாக இருக்கின்றன என்று மாணவர்கள் கேட்டபோது, கலியாணப் படப்பிடிப்பாளரான அந்தப் பழைய மாணவரை வகுப்புக்கு அழைத்து விளக்கச் சொன்னேன். மனிதத் தோல், கறுப்போ வெள்ளையோ, செம்மஞ்சளின் பக்கம் சாய்ந்த நிறம். நீலம் அதற்கு எதிர்ப்புறத்தில் இருக்கிறது. ஆகவே நீலத்தின் முன்னால் முகம் தனித்து எழும்பி நிற்கும். தலைக்குப் பின்னால் மேலிருந்து இன்னொரு விளக்கைப் போட்டால், தலைமுடியின் விளிம்பில் ஒளிக்கோடு விழுந்து, ஆள் சுவரிலிருந்து பிரிந்து முன்னுக்கு வருவார். பச்சைத் துணிக்கும் இதே நியாயம்தான். தோலில் இல்லாத நிறம் என்பதால் அதை நீக்கும்போது முகம் தப்பிவிடுகிறது. அத்தோடு இலக்கமுறைக் கமராவின் ஒளியுணரியில் நான்கு புள்ளிக்கு இரண்டு பச்சைக்கென்றே ஒதுக்கப்பட்டிருப்பதால், பச்சையை அது துல்லியமாகப் பிடிக்கிறது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கமரா முகத்தைக் காப்பாற்றும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. சின்னத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. நாம் அணிந்திருப்பது பின்னணியின் நிறத்தோடு ஒத்துப்போனால், அந்த இடத்தில் நாம் இல்லாமற் போவோம். இதைத் தொழில்நுட்பத்தின் குறையென்று நான் சொல்லவில்லை, துணியின் நிறத்தை மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் எந்த நிறத்தைத் தெரிவது, எந்தப் படத்தை வைப்பது என்பதைத் தொழில்நுட்பம் தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானித்தது எங்கள் பிள்ளைகளின் மனதில் ஏற்கெனவே இருந்த ஒரு படம். செய்தி என்றால் உயர்ந்த கட்டடம், செய்தி என்றால் இரவு விளக்கு, செய்தி என்றால் தலைநகரம் என்ற படம். 'மையம், விளிம்பு' என்று எழுதி எழுதி நமது சஞ்சிகைகள் தேய்த்துவிட்ட சொற்களை நான் கூடியவரை தவிர்க்கவே விரும்புகிறேன். ஆனாலும் ஒரு கிராமத்துப் பிள்ளையின் நெஞ்சு ஓட்டைக்குள்ளால் தலைநகரம் தெரிந்த காட்சியை வேறெந்தச் சொல்லால் எழுதுவது?

4

நகரப் படத்துக்கு மாற்றாக உலகத் தொலைக்காட்சிகள் கண்டுபிடித்த இன்னொரு பின்னணி, செய்தி அறையே. 1980 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் சீ.என்.என். தொடங்கியபோது, வாசிப்பவரின் மேசை வேலை நடக்கும் செய்தி அறைக்குள்ளேயே இடப்பட்டது. பின்னால் ஆட்கள் நடந்தார்கள், தொலைபேசியில் பேசினார்கள். பீ.பீ.சீ. முதலில் எதிர்த்திசையில் போயிற்று. 1993இல் கணினியில் வரையப்பட்ட கண்ணாடி மண்டபமொன்றைத் தன் செய்திகளின் பின்னால் வைத்தது. உலகில் எங்குமே இல்லாத கட்டடம் அது. 2013இல் லண்டன் புரோட்காஸ்டிங் ஹவுஸின் புதிய பகுதிக்குச் செய்திப் பிரிவு இடம் மாறியபோது, உண்மையான செய்தி அறையே கண்ணாடிக்கு அப்பால் பின்னணியாயிற்று. டோஹாவிலிருந்து 2006இல் தொடங்கிய அல்ஜஸீரா ஆங்கிலச் சேவையிலும் மேசைக்குப் பின்னால் வேலை செய்யும் மனிதர்களைப் பார்த்தவர்கள் நம்மில் பலர்.

இந்தக் கண்ணாடி என்ன சொல்கிறது? செய்தி வானத்திலிருந்து இறங்குவதில்லை, மனிதர்கள் உட்கார்ந்து செய்கிறார்கள் என்று சொல்கிறது. இது நல்ல வாக்குமூலம். நகரப் படத்தை விடவும் நேர்மையானது. சமையலறையைத் திறந்து வைத்திருக்கும் சாப்பாட்டுக் கடைமேல் நமக்கு வருகின்ற நம்பிக்கை போன்றது.

ஆனால் திறந்த சமையலறையும் அலங்காரமாகிவிடக்கூடும். கமராவின் வில்லையைச் சற்றுத் திறந்துவிட்டால் வாசிப்பவர் கூர்மையாகவும் பின்னால் உள்ளவர்கள் மங்கலாகவும் தெரிவார்கள். வேலை தெரியும், வேலை செய்பவரின் முகம் தெரியாது. திரையில் என்ன எழுதுகிறார் என்பதும் தெரியாது. அந்த மனிதர்கள் உயிருள்ள சுவர்த்தாளாகிவிடுகிறார்கள். இன்னும் சில இடங்களில் செய்தி அறையின் புகைப்படத்தையே பெரிதாக அச்சிட்டு ஒட்டிவிடுவதும் உண்டு. அதிலுள்ளவர்கள் வருடக்கணக்கில் ஒரே தொலைபேசியைக் காதில் வைத்திருப்பார்கள்.

உண்மையான செய்தி அறைக்கு ஓர் ஆபத்து உண்டு, அதுவே அதன் பெருமையும். 2017 ஓகஸ்ட்டில் பீ.பீ.சீ.யின் இரவுச் செய்தி போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் அமர்ந்திருந்த ஒருவரின் கணினித் திரையில் குடும்பத்தோடு பார்க்கத் தகாத திரைப்படக் காட்சியொன்று ஓடியதை நாடே கண்டுவிட்டது. பத்திரிகைகள் சிரித்தன. எனக்கோ அந்தச் சம்பவத்தின் பின்னர் அந்தச் சுவரின் மேல் மதிப்புக் கூடியது. தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சுவர் அது. வரைந்த கண்ணாடி மண்டபத்தில் இப்படி ஒரு தவறு ஒருபோதும் நடந்திருக்க முடியாது.

5

மூன்றாவது வகைப் பின்னணி, எங்கள் பிரச்சினைக்கு மிக நெருங்கியது. லெஸ்டரில் குடியேறியிருக்கும் என் கலாசாலைத் தோழர் ஒருவர் பிரித்தானியப் பிராந்தியச் செய்திகளைப் பார்த்து எனக்கு விபரமாகச் சொல்வார், ஒளிப்பதிவுத் துண்டுகளும் அனுப்புவார். அங்கே மாலை ஆறு மணிக்கு நாட்டுச் செய்தி. அது முடிந்ததும் ஆறரைக்கு, நீங்கள் இருக்கும் இடத்தின் செய்திக்குப் போவோம் என்ற கருத்தில் சொல்லி, அந்தந்தப் பிராந்தியத்துக்குக் கைமாற்றிவிடுவார்கள். நியூகாசிலில் இருந்து ஒன்று, லீட்ஸில் இருந்து ஒன்று, ஹல்லில் இருந்து ஒன்று, பேர்மிங்ஹாமில் இருந்து ஒன்று, நொட்டிங்ஹாமில் இருந்து ஒன்று, பிளிமத்தில் இருந்து ஒன்று. ஒரே நிறுவனம், ஒரே சிவப்பு நிறம், ஒரே வகை மேசை, ஒரே இசை. மாறுவது பின்சுவர் மட்டுமே. நியூகாசில் என்றால் டைன் ஆற்றின் பாலங்கள். ஹல் என்றால் ஹம்பர் பாலம்.

இந்த அமைப்பின் நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். மேசையும் நிறமும் 'இதுவும் அதே அளவு முக்கியமான செய்திதான்' என்கின்றன. பின்சுவர் 'ஆனால் இது உங்கள் ஊர்' என்கிறது. பாலத்துக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை. அது உடையவில்லை, அங்கே யாரும் விழுந்து சாகவில்லை. பாலம் சும்மா நிற்கிறது. ஓர் ஊர் சும்மா இருக்கின்ற கோலத்தில் செய்தியின் பின்னால் வரலாம் என்பதே நான் அதிலிருந்து கற்ற முதற்பாடம்.

குறைகளும் இருக்கின்றன. பிளிமத் நிலையத்தின் செய்தி டெவன், கோர்ன்வோல் ஆகிய இரு பெரும் பகுதிகளுக்கும் போகிறது. பிளிமத்தைப் பின்னால் வைத்தால் கோர்ன்வோலின் மீனவன் அதைத் தன் ஊராக ஏற்பானா? பிராந்தியத்துக்குள்ளும் ஒரு தலைநகரம் முளைத்துவிடுகிறது. மட்டக்களப்பும் கல்முனையும் ஒரே சுவரில் எப்படி இடம்பிடிக்கும் என்று நினைத்துப் பார்க்கிறவர்களுக்கு இது புரியும். மேலும், சுவரில் ஏறும் படம் தபாலட்டைப் படமாகிவிடுகிறது. பாலமும் ஆறும் சூரிய அஸ்தமனமும் ஏறும், வேலையில்லாதோர் வரிசை ஏறாது. நான் என் பிள்ளைகளுக்குச் சொன்ன 'தோணி, கண்டல், அதிகாலை வெளிச்சம்' என்பதும் அதே தபாலட்டைதான் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். உல்லாசப் பயணத் துறையின் கண்ணால் என் ஊரை நானே பார்த்திருக்கிறேன்.

6

மாணவியின் கேள்விக்கு வருகிறேன்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி எங்கள் கரையைக் கடல் கொண்டது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். இரண்டு நாட்களின் பின்னர், உட்பகுதியில் இருந்த உறவினர் வீட்டில், எங்கள் கரையோரத்தை முதன்முதலாகச் செய்தி வாசிப்பவரின் தோளுக்குப் பின்னால் கண்டேன். முறிந்த தென்னைகள், கூரையில்லாத சுவர்கள். அந்தப் படம் வாரக்கணக்கில் அங்கேயே இருந்தது. நாங்கள் இடிபாடுகளைக் கூட்டி அள்ளிய பிறகும், கூடாரத்தில் பாடசாலையைத் திறந்த பிறகும், பின்னால் அதே முறிந்த தென்னைகள். அதற்கு முன்னர் எத்தனையோ வருடங்களாக நெல் விளைந்தது, மீன் பட்டது, பிள்ளைகள் பரீட்சையில் சித்தியடைந்தார்கள். அப்போதெல்லாம் எங்கள் ஊர் அந்தச் சுவருக்குத் தேவைப்படவில்லை.

ஆகவே மாணவி கேட்டபோது நான் சுனாமியைத்தான் நினைத்தேன். ஒரு வாரத்தின் பின்னர் அவளிடமே சொன்னேன்: "நீங்க கேட்டது சரிதான் மகள். சுனாமிக்குத்தானே நம்மட ஊரக் காட்டினாங்க."

அவள் சொன்னாள்: "சுனாமிய நான் பாக்கல்ல சேர். நான் பொறக்கவேயில்ல. நான் சொன்ன 2019."

எனக்கு ஒரு கணம் மூச்சு நின்றது போலிருந்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி குண்டுவெடிப்புகள் நடந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் வெடித்தபோது எங்கள் ஊரும் கதவை அடைத்துக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தது. அதன் பின்னர் பல வாரங்களாக, வாசிப்பவரின் தோளுக்கு மேலே எங்கள் கரையின் தெருக்கள் வந்தன. குற்றம் நடந்த வீடும் வந்தது, அது செய்தி, வரத்தான் வேண்டும். ஆனால் அதனோடு சந்தையும் வந்தது, பாடசாலை விட்டுப் போகும் பிள்ளைகளும் வந்தார்கள். அது எப்போது எடுத்த படம், எந்த ஊர்ப் படம் என்ற குறிப்பெதுவும் இல்லாமல் வந்தது. செய்தியின் சொற்கள் கவனமாக இருந்த இரவுகளிலும் சுவர் கவனமாக இருக்கவில்லை. வாசிப்பவர் 'சந்தேகநபர்' என்பார். பின்னால் ஒரு பொதுத்தெரு முழுவதும் நடந்து போகும். தமக்கு உறவில்லாத குற்றத்தின் பின்னணியாகத் தாம் அணியும் உடையே நிறுத்தப்பட்டதை அந்த வயதுப் பிள்ளைகள் வீட்டுக் கூடத்தில் இருந்து பார்த்திருக்கிறார்கள்.

நான் ஒரு கடலை நினைத்துக்கொண்டு அவளைத் தேற்றப் போனேன். அவள் வேறொரு கடலைக் கடந்து வந்திருக்கிறாள். ஆசிரியர்கள் தங்கள் துயரத்தையே பிள்ளைகளின் துயரமாக எண்ணிவிடுகிறோம்.

அவள் கேள்வியின் பொருள் அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. கொழும்பைப் பின்னால் வைத்தது வெறும் தலைநகர் மோகம் அல்ல. அது பாதுகாப்பும்கூட. கொழும்பின் முன்னால் நின்றால் அவள் செய்தி வாசிப்பவள். ஊரின் முன்னால் நின்றால் அவளே செய்தியாகிவிடுவாள் என்ற பயம். பச்சைச் சின்னம் மறைந்தபோது பையன்கள் சிரித்தார்கள், அவள் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

7

தொலைக்காட்சி அரங்கு அமைப்பவர்களிடம் ஒரு கிராமத்து ஆசிரியன் கேட்கக் கூடியவை அதிகமில்லை. அகன்ற திரை வந்த பிறகு வாசிப்பவரின் இருபக்கமும் இடம் தாராளமாகக் கிடைக்கிறது. ஒளிரும் சுவர்கள் வந்த பிறகு படத்தை நொடியில் மாற்றலாம். வசதி கூடியிருக்கிறது. ஆகவே கேட்கிறேன். பின்னால் வருகின்ற ஒவ்வொரு படத்துக்கும் ஊரும் திகதியும் எழுதப்பட வேண்டும். பழைய படமென்றால் கோப்புப் படம் என்று கண்ணுக்குத் தெரியும் அளவில் போட வேண்டும். சந்தேகநபரைப் பற்றிய செய்திக்குத் தெருவைப் பின்னணியாக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எதுவும் நடக்காத நாளில் எங்கள் ஊர்களைக் காட்ட வேண்டும். சும்மா நிற்கும் பாலமாக, சும்மா இருக்கும் வாவியாக. அப்படிப் பத்து நாள் காட்டியவருக்கே பதினோராம் நாள் எங்கள் துயரத்தைக் காட்டும் உரிமை உண்டு.

எங்கள் பத்து நிமிடச் செய்தி என்னவாயிற்று என்று சொல்லி முடிக்கிறேன். கொழும்பும் இல்லை, வாவியும் இல்லை என்று பிள்ளைகளே தீர்மானித்தார்கள். ஊடகக் கழகம் கூடுகின்ற வகுப்பறையின் கரும்பலகை முன்னாலேயே பதிவு செய்தோம். பலகையில் அன்றைய செய்திகளின் பட்டியல் சோக்கட்டியால் எழுதியபடி இருந்தது. புலமைப்பரிசில் பெறுபேறு, குடிநீர்க் குழாய் வேலை, உதைபந்தாட்டப் போட்டி, நூலகத்துக்குக் கிடைத்த புத்தகங்கள். ஐந்தாவது செய்தியாக எழுதப்பட்டிருந்தது குறுக்கே கோடிழுத்து வெட்டப்பட்டிருந்தது. வாவிக்குப் பாலம் வருகிறது என்று ஊரில் பேச்சு. இரண்டு பிள்ளைகள் பிரதேச சபைக்குப் போய்க் கேட்டபோது, அப்படியொன்றும் தமக்குத் தெரியாது என்றிருக்கிறார்கள். ஆகவே வெட்டிவிட்டார்கள். அழிக்காமல் வெட்டியிருந்தார்கள். சின்னம் இந்த முறை நெஞ்சில் பச்சையாகவே இருந்தது.

பரிசளிப்பு விழாவில் காட்டினோம். "டீ.வி. மாதிரி இல்லையே சேர்" என்றார் ஒரு பெற்றோர். உண்மைதான், டீ.வி. மாதிரி இல்லை. கரும்பலகையின் மூலையில் வெளிச்சம் பட்டுப் பளபளத்தது, பட்டியலில் இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. ஆனால் விழா முடிந்து வெளியே வந்தவர்களில் மூன்று பேர் என்னை நிறுத்திக் கேட்டார்கள்: "சேர், அந்த வெட்டின செய்தி என்ன? பாலம் வரல்லையா?"

வரவில்லை என்றுதான் நானும் சொன்னேன். அந்த மாணவி க.பொ.த. சாதாரண தரம் எழுதிவிட்டுப் போய்விட்டாள். பச்சைத் துணி என் அலுமாரியில் மடித்தபடி இருக்கிறது. இவ்வருடம் ஊடகக் கழகத்துக்குச் சேர்ந்த பிள்ளைகள் அதைக் கேட்டிருக்கிறார்கள். கொடுக்கத்தான் போகிறேன். அதற்கு முன்னர், பின்னால் எந்தப் படத்தை வைக்கப் போகிறீர்கள், அது எங்கே, எப்போது எடுத்தது என்று தாளில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன்.